தோல் மணத்துக்கு எத்தனை மார்க்?

ஆறு சின்னக் கண்ணாடிக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் 30 மில்லி விஸ்கி. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா, ஒரு சொம்பு தண்ணீர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, மதுரையில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் இப்படி நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். குடிப்பதற்காக அல்ல, 'ருசிப்பதற்காக'. முதலில் நிறம் பார்க்க வேண்டும். பிறகு மூக்கருகே கொண்டுபோய் மணம் பிடிக்க வேண்டும். ஒரு மிடறு எடுத்து நாக்கில் உருட்ட வேண்டும். விழுங்கிய பின் தொண்டையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். கடைசியில் நூற்றுக்கு மார்க் போட வேண்டும்.

மூன்று வருடமாக நானும் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு மகிழ்ச்சி இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். முனைவர் பட்ட ஆய்வின் அலுப்புக்கு நடுவே, உதவித்தொகை வந்த மாதங்களில், அது எனக்குக் கிடைத்த ஒரு சின்னச் சொர்க்கம். இந்தக் கட்டுரை குடியை ஆதரித்தும் அல்ல, மதுவிலக்கை ஆதரித்தும் அல்ல. யாருடைய குடிக்கு ரசனை என்று பெயர், யாருடைய குடிக்குக் கேடு என்று பெயர் என்பதைப் பற்றியது.

ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம். ஆறு கோப்பை, தலா 30 மில்லி. கூட்டினால் 180 மில்லி. எங்கள் சமயநல்லூரில் அதற்குக் குவாட்டர் என்று பெயர். ஸ்காட்ச் விஸ்கியில் சாராயத்தின் அளவு குறைந்தது 40 சதவீதம் இருந்தால் போதும். நம் ஊர் மதுக்கடையில் விற்கும் விஸ்கியில் 42.8 சதவீதம். மொட்டை மாடியில் என் உடம்புக்குள் போனதும், கொத்து வேலை முடித்து வந்து என் அப்பா நின்றபடி குடித்ததும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் எனக்குப் பெயர் 'விஸ்கி ரசிகர்'. அப்பாவுக்குப் பெயர் குடிகாரன்.

"அவங்க போதைக்குக் குடிக்கிறாங்க, நாம ருசிக்குக் குடிக்கிறோம்" என்றார் மாடியில் ஒரு நண்பர். நல்லவர், படித்தவர், முற்போக்காகப் பேசுபவர். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா ஏன் ஒரே மூச்சில் குடித்தார்? உட்கார நாற்காலி இல்லை. ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு கிடந்தால்தான் அதை ஸ்காட்ச் என்று அழைக்க முடியும் என்பது பிரிட்டனின் 2009ஆம் ஆண்டு விதி. நம் மலிவு விஸ்கியோ பெரும்பாலும் சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்து வடித்த சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தது. தானியத்தில் செய்யாத அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் விஸ்கி என்று பெயர் வைக்கவே சட்டம் அனுமதிக்காது. நாக்கில் உருட்டினால் குமட்டும். அதனால்தான் தண்ணீர் பாக்கெட்டும், ஊறுகாயும், ஒரே மடக்கும். மெதுவாகக் குடிப்பது பண்பாடு அல்ல, வசதி. நாக்குக்குத் தரவேண்டியதைத் தராமல் வைத்துவிட்டு, 'இவனுக்கு ருசிக்கத் தெரியாது' என்று சொல்வது எப்பேர்ப்பட்ட அநியாயம்!

இனி, என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் ஒரு சொல்லுக்கு வருகிறேன்.

விஸ்கி உலகத்துக்கு ஒரு தனி மொழி உண்டு. தேன், உலர் திராட்சை, வெனிலா, கடல் உப்பு என்று எழுதுவார்கள். ஐலா தீவின் லாஃப்ராய்க் போன்ற விஸ்கிகளில் புகை, தார், ஆஸ்பத்திரி மருந்து என்பார்கள். அங்கே பார்லியை உலர்த்தப் பீட் எனும் மக்கிய கரி மண்ணை எரிக்கிறார்கள், அந்தப் புகைதான் அது. ஷெர்ரி பீப்பாயில் பல ஆண்டு கிடந்த பழைய விஸ்கிகளுக்கு இன்னொரு சொல் வைத்திருக்கிறார்கள்: தோல். பதனிட்ட தோலின் மணம். அது பெரிய பாராட்டு. அந்த மணம் வந்தால் மார்க் ஏறும். மார்ட்லாக் என்றொரு ஸ்காட்ச். அதில் இறைச்சி வாசம் வருகிறது என்பதையே அதன் பெருமையாகச் சொல்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை அப்படியொரு விஸ்கி வந்தது. மணம் பிடித்தவுடன் எனக்கு மூச்சு நின்றது. அது என் தாத்தாவின் சட்டை.

தாத்தா திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தவர். விடியலில் சமயநல்லூர் ஸ்டேஷனில் ரயிலேறிப் போய் ராத்திரி திரும்புவார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை இழுத்து மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டு மிதிக்கும் வேலை. அந்த ஆலைத் தொழிலாளர்களின் வாழ்வைத்தான் டி. செல்வராஜ் 'தோல்' நாவலாக எழுதினார். 2012இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. ஊரில் சாவு விழுந்தால் தாத்தா பறையும் அடிப்பார். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சும்போது எழும் புகையும் தோலும் கலந்த அந்த வாடை, எத்தனை முறை குளித்தாலும் அவரை விட்டுப் போகவில்லை. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போவார்கள். டீக்கடையில் அவருக்குத் தனிக் குவளை. பள்ளியில் என் அப்பாவை "தோல் நாத்தம்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பா ஏழாம் வகுப்போடு நின்றதற்கு வறுமை மட்டும் காரணமில்லை.

அதே வாடைக்கு மாடியில் நண்பர்கள் கண்ணை மூடி, "ஆஹா, என்ன லெதர்!" என்றார்கள். நான் 92 போட்டேன்.

இதில் வேதியியலும் ஒன்றுதான் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். விஸ்கிக்கு நிறத்தையும் துவர்ப்பையும் தருவதில் ஓக் மரத்தில் உள்ள டேனினுக்குப் பங்கு உண்டு. ஐரோப்பாவில் ஓக் மரப் பட்டையால் தோல் பதனிட்டார்கள். தோல் பதனிடும் தொழிலிலிருந்துதான் அந்தப் பொருளுக்கே டேனின் என்று பெயர் வந்தது. இங்கே ஆவாரம்பட்டை செய்த வேலையும் அதே டேனினின் வேலைதான். மூலக்கூறுக்குச் சாதி கிடையாது. மூக்குக்குத்தான் சாதி இருக்கிறது.

"எதுக்கெடுத்தாலும் சாதியை இழுக்காதப்பா, இது வெறும் ருசி" என்று சொல்லக்கூடிய தோழர்களுக்கு: வெறும் ருசி என்று ஒன்று இல்லை. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979இல் ஒரு முழு நூலே எழுதி அதைக் காட்டினார். ரசனை என்பது பிறவி வரம் அல்ல, வர்க்கம் தன்னை வேறுபடுத்திக் காட்டும் கருவி. இந்தியாவில் பூர்தியூவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. எது சுத்தம், எது தீட்டு என்று நாக்கையும் மூக்கையும் பழக்குவதுதானே சாதியின் முதல் பாடம்? கோப்பையில் 'இறைச்சி வாசம்' வந்தால் புகழ்கிற அதே படித்த வர்க்கத்தின் வளாகத்தில்தான், 2017 மே மாதம், சென்னை ஐஐடியில் மாட்டிறைச்சி விருந்தில் கலந்துகொண்ட ஓர் ஆய்வு மாணவர் கண்ணில் அடிபட்டார்.

மார்க் போடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஜிம் முர்ரே என்ற ஆங்கிலேயர் ஆண்டுதோறும் விஸ்கிகளுக்கு மணம், சுவை, முடிவு, சமநிலை என்று தலா 25 மார்க் போட்டுப் புத்தகம் வெளியிட்டவர். பெங்களூரின் அம்ருத் நிறுவனம் தன் சிங்கிள் மால்ட்டை 2004இல் முதலில் விற்பனைக்குக் கொண்டுபோனது பெங்களூருக்கு அல்ல, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கு. முர்ரேயின் 2010ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அம்ருத் ஃப்யூஷன் 97 மார்க் வாங்கி உலகில் மூன்றாம் இடம் பிடித்த பிறகுதான் இங்குள்ள மேட்டுக்குடி அதைத் திரும்பிப் பார்த்தது. 2020இல் அவருடைய குறிப்புகளில் விஸ்கிகளைப் பெண்ணுடலோடு ஒப்பிட்டு எழுதியிருந்தது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. ருசிக் குறிப்பு விஸ்கியைவிட எழுதுகிறவனைத்தான் அதிகம் காட்டிக்கொடுக்கிறது. என் நோட்டும் அப்படித்தான்.

சட்டம் மட்டும் என்ன செய்தது? 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். மதுவிலக்குக் காலத்திலும் 'பெர்மிட்' என்றொரு சீட்டு இருந்தது. வசதி உள்ளவர் அதை வைத்துக் குடித்தார். கூலிக்காரர் போலீஸிடம் அடி வாங்கினார். 1971இல் கடை திறந்து, மூடி, 1981இல் மறுபடி திறந்து, 1983இல் டாஸ்மாக் வந்தது. 1987இல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் ருசி மாறும் ஒரே ஏழைப் பானம் சட்டவிரோதமானது. 'இந்தியாவில் தயாரான அயல்நாட்டு மது' சட்டப்பூர்வமானது.

இதைச் சொன்னவுடன் கள் இயக்கக்காரர்கள் கைதட்ட வேண்டாம். மரம் யாருடையது, ஏறுவது யார் என்ற கேள்வியை நீங்கள் எப்போது கேட்பீர்கள்? கள்ளுக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்குத் தனி ஓரம், தனிப் பட்டை என்று அப்பத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். 'மரபுப் பானம்' என்று நீங்கள் ஏங்கும் அந்த மரபில் நாங்கள் வெளியேதான் நின்றோம்.

1948 நவம்பர் 24 அன்று அரசியல் நிர்ணய சபையில் மதுவிலக்கை அரசின் கடமையாக்கும் திருத்தம் வந்தபோது, ஆதிவாசித் தலைவர் ஜெய்பால் சிங் எழுந்து எதிர்த்தார். அரிசிக் கள் எங்கள் வழிபாட்டின் பகுதி, எங்களைக் கேட்காமல் எங்கள் வாழ்வில் கைவைக்காதீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் கேட்காமல்தான் தீர்ப்பு எழுதுகிறோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். "குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?" என்பதுதான் பலருடைய முதல் கேள்வி. சொன்னவர்களில் வார இறுதியில் சிங்கிள் மால்ட் குடிப்பவர்கள் எத்தனை பேர்!

"குடியைப் பற்றி எழுதாதே, நம்மைக் குடிகாரர்கள் என்பவனுக்குத் தீனி போடாதே" என்றார் இயக்கத் தோழர் ஒருவர். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் பேசாமல் இருந்தால் அந்தப் பேச்சு முழுவதும் அவர்கள் கைக்குப் போய்விடும்.

என் அம்மாவைப் பேசவிடுகிறேன். போன பொங்கலுக்கு என் பையைத் துவைக்க எடுத்தபோது நோட்டைப் பார்த்துவிட்டார். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"என்னய்யா இது, சரக்குக்கு மார்க்கா?"

"ஆமாம்மா."

"உங்கப்பன் குடிச்சதுக்கு எத்தன போடுவ?"

எனக்குப் பதில் வரவில்லை. அப்பா ஈரல் கெட்டு இறந்து நான்கு வருடம் ஆகிறது. கூலியில் பாதி குடிக்குப் போன மாதங்களில் பூக்கட்டி என்னைப் படிக்க வைத்தவர் அம்மா. மதுக்கடையை மூடச் சொல்லித் தெருவில் உட்காரும் பெண்களின் கோபத்தை என்னால் ஒருபோதும் கேலி செய்ய முடியாது. அவர்கள் குடிகாரனை வெறுப்பதில்லை, அவனை இழக்கிறார்கள். மேட்டுக்குடி முகம் சுளிப்பதும் அம்மாக்கள் கோபப்படுவதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே 'மதுவிலக்கு' என்ற சொல்லில் கட்டுகிற மோசடியைத்தான் நாம் உடைக்க வேண்டும்.

ஆகவே கேட்கிறேன். அரசே விற்கிறதென்றால் அந்தப் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது, எதிலிருந்து வடித்தது, எத்தனை நாள் பீப்பாயில் இருந்தது என்று தமிழில் எழுதி ஒட்டட்டும். மது வருமானத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு வட்ட அரசு மருத்துவமனையிலும் குடிநோய் சிகிச்சைக்கும், குடியால் ஆளை இழந்த குடும்பங்களுக்கும் போகட்டும். முற்போக்கு நண்பர்களே, உங்கள் கையில் இருப்பதும் 180 மில்லிதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பிறகு 'டாஸ்மாக் கும்பல்' என்று சொல்லுங்கள்.

வரும் சனிக்கிழமை மாடிக்குப் போகிறேன். குடிக்க அல்ல. அந்த 92 மார்க் எங்கிருந்து வந்தது என்று, தாத்தா பெயரைச் சொல்லி, அவர்களிடம் சொல்லப் போகிறேன். யாரும் எழுந்து போகாமல் கேட்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.