வானலை ஓர் அமானிதம்

பொதுமக்களுக்குரிய பொருளை ஒருவர் கையில் ஒப்படைத்தால் அவர் அதற்கு உரிமையாளர் ஆவதில்லை, காவலர் ஆகிறார். இதனை நம் சமுதாயத்தார்க்கு விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. பள்ளிவாசலின் நிலத்தையும் கடைகளையும் மேற்பார்க்கும் முத்தவல்லி அவற்றின் வரவு செலவுக்கு ஜமாஅத்தாரிடம் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். அவர் கையில் இருப்பது அமானிதம். நம் தலைக்கு மேலே கண்ணுக்குப் புலனாகாமல் ஓடும் வானலைகளும் இத்தகையனவே. அவை அரசின் கையிலுள்ள அமானிதம். அவற்றைப் பொதுமக்களுக்குப் பகிர்ந்தளிக்கவும், மக்கள் நடத்தும் ஒலிபரப்புக்கு மானியம் வழங்கவும் வகுக்கப்பட்டுள்ள விதிகளுட் சில காலங்கடந்தவை. அவற்றை நீக்க வேண்டும் என்பதே நம் துணிபு.

தொடங்கியவர் குடிமக்களே

ஒலிபரப்பு என்றாலே அரசின் பணி என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. 1924ஆம் ஆண்டு மே 16இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலிய ஆர்வலர்கள் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவினர். அவ்வாண்டு சூலை 31 முதல் அவர்தம் ஒலிபரப்பு நிகழ்ந்தது. நிதி வற்றியமையால் 1927இல் கழகம் ஓய்ந்தது. அதன் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் நாள் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும், திருச்சி நிலையம் 1939இலும் பின்னரே தோன்றின. ஆக, தமிழ் மண்ணில் முதன்முதல் ஒலித்தது குடிமக்களின் வானொலியே. அது மடிந்தது ஆர்வக் குறைவால் அன்று, பணக் குறைவால். இந்தப் பாடத்தை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

நம் சேலம், நாமக்கல் சமவெளிக்கு வருவோம். ஊராட்சி அலுவலகத்து அறையில் வானொலிப் பெட்டி இருக்கும். மாலை வேளையில் கூம்பு ஒலிபெருக்கி ஊருக்கே பேசும். வேப்பமரத்தடியில் அமர்ந்து மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையும் மாநிலச் செய்திகளையும் கேட்ட முதியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பால் 1960களில் தஞ்சைத் தரணியில் பரவிய ஆடுதுறை 27 என்னும் நெல்லுக்கு உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர். வானொலியின் ஆற்றலுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் அந்த வானொலி ஒரு திசையிலேயே பேசிற்று. நாம் கேட்டோம், நம்மை அது கேட்கவில்லை. 1965இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்த தருமபுரியில் வானொலி நிலையம் அமைந்தது. அதன் 102.5 அலைவரிசை நம் பகுதியிலும் கேட்கப்படுகிறது. அதன் பணி பாராட்டுக்குரியது. எனினும் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளி, ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளி உழவர், நாமக்கல் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் பெண், திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளை லாரியில் வடநாடு செல்லும் இளைஞன் ஆகிய இவர்தம் அன்றாட வாழ்வை ஒரு நிலையம் எங்ஙனம் முழுதும் சுமக்க இயலும்? சேலத்து வீதிகளில் தமிழுடன் உருதும் சௌராஷ்டிரமும் கன்னடமும் தெலுங்கும் வழங்குகின்றன. இவற்றுக்கெல்லாம் ஒரு பெருநிலையத்தின் கால அட்டவணையில் இடம் கிடைப்பது அரிது.

கதவு திறந்தது

1995 பிப்ரவரி 9ஆம் நாள் வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. அந்த அமர்வில் தமிழகத்தைச் சேர்ந்த நீதியரசர் எஸ். மோகனும் ஒருவர் என்பது நமக்குப் பெருமை. அதன் பின்னரும் கதவு மெல்லவே திறந்தது. 2002 இறுதியில் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி நடத்த இசைவு கிடைத்தது. 2004 பிப்ரவரி முதல் நாள் அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி 90.4 அலைவரிசையில் ஒலித்தது. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் அவ்வுரிமை நீட்டிக்கப்பட்டது.

விளைவுகள் நம் நெஞ்சை நிறைப்பன. இன்றைய தெலங்கானாவில் 2008 அக்டோபரில் தொடங்கிய சங்கம் வானொலியை நடத்துவோர் தலித் உழவர் குடிப் பெண்கள். பாம்பனில் 2016 ஆகஸ்டு 15இல் தொடங்கிய கடல் ஓசை மீனவர்களுக்காகவே பேசுகிறது. இவற்றை எண்ணும்போது பிலால் (ரலி) அவர்களின் நினைவு எழுகிறது. அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட அப்பெருமகனாரே தொழுகைக்கு அழைக்கும் முதற்குரலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குரலுக்குக் குலமும் செல்வமும் தடையாகா என்பது நம் மரபு.

கருவிக்கு மானியம், குரலுக்கு?

பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் மைய அரசு சமுதாய வானொலி இயக்கத்துக்கு ஆதரவளிக்கும் திட்டமொன்றைக் கொணர்ந்தது. கருவிகளின் விலையில் பாதி, ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல். இதுவே அதன் தொடக்க விதி. நல்ல நோக்கமே. ஆனால் விழுக்காடு கூடினும் குறையினும் மானியத்தின் குறி கருவியின் மேலேயே நின்றது. எஞ்சிய பங்கை யார் தருவது? பெரிய கல்வி அறக்கட்டளையாயின் தரும். நெசவாளர் கூட்டமைப்போ மகளிர் குழுவோ எங்கே செல்லும்? 2006ஆம் ஆண்டின் நெறிமுறைகள் மூன்றாண்டுப் பணிச் சான்றையும் 25,000 ரூபாய் வங்கி உத்தரவாதத்தையும் கேட்டன. உள்ளவர்க்கே மேலும் உதவும் மானியம், இல்லாதவரை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது.

கருவி வந்துவிட்டது என்றே கொள்வோம். அதனை இயக்கும் இளைஞனுக்கு ஊதியம் வேண்டும்; மின்கட்டணம் செலுத்த வேண்டும்; இடி விழுந்து ஒலிபரப்பி பழுதுற்றால் சீராக்க வேண்டும். ஆண்டுதோறும் வரும் இச்செலவுகளே நிலையத்தின் உயிர்மூச்சு. 1927இல் சென்னைக் கழகத்தை வீழ்த்தியதும் இத்தகைய தட்டுப்பாடுதான். கிணறு வெட்டப் பணம் தந்து, கயிறும் வாளியும் வாங்காதே என்பது போன்றது இவ்விதி. விளம்பரத்தால் ஈட்டலாமே என்பர். தொடக்கத்தில் மணிக்கு 5 நிமிடமாக இருந்த விளம்பர நேரம் இன்று 12 நிமிடமாக உயர்த்தப்பட்டுள்ளது, வரவேற்கிறோம். ஆனால் பத்துக் கிலோமீட்டர்ச் சுற்றளவுக்குள் ஒலிக்கும் சிற்றூர் வானொலிக்கு விளம்பரம் தருவோர் எத்தனை பேர்? தேநீர்க் கடையும் தையற்கடையும் மாதந்தோறும் எவ்வளவு தர இயலும்?

வாயைக் கட்டும் விதி

இரண்டாவது விதி இதனினும் கடியது. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை மாற்றாமல் அஞ்சல் செய்யலாம், அவ்வளவே. 2024ஆம் ஆண்டின் புதிய நெறிமுறைகள் உரிமக் காலத்தைப் பத்தாண்டாக்கின. ஆலோசனைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வழி செய்தன. செய்தித் தடையை மட்டும் அவை நீக்கவில்லை. 2013இல் காமன் காஸ் என்னும் அமைப்பு இத்தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை அணுகியதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் சாயக்கழிவு காவிரியில் கலப்பது நெடுநாளைய துயரம். கழிவுநீரால் விளையும் நோய்கள் குறித்து மருத்துவர் உரை நிகழ்த்தலாம். நேற்றிரவு எந்த வாய்க்காலில் கழிவு திறந்துவிடப்பட்டது என்று அறிவித்தால் அது செய்தி ஆகிவிடுமோ என்று நிலையத்தார் அஞ்ச வேண்டும். கிராம சபையின் மாண்பைப் பற்றிப் பாடல் ஒலிக்கலாம். சென்ற கிராம சபையில் எழுந்த வினாவையும் தலைவரின் விடையையும் சொல்லத் தயங்க வேண்டும். நாளிதழ் எழுதலாம், தொலைக்காட்சி காட்டலாம், ஊர் வானொலி மட்டும் ஊரைப் பற்றிப் பேசலாகாது என்பது எந்த நியாயம்?

அஞ்சுவோர்க்கு ஒரு விடை

சிற்றூர் வானொலிக்குச் செய்தியுரிமை தந்தால் சாதிப் பூசலும் சமயப் பூசலும் கிளம்பும் என்று சிலர் அஞ்சுகின்றனர். இந்த அச்சத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட மாட்டோம். வதந்தியின் வெப்பம் எத்தகையது என்பதைச் சிறுபான்மையினராகிய நாம் நன்கறிவோம். ஆயினும் இன்று வதந்தி எவ்வழி வருகிறது? ஒவ்வொருவர் கையிலும் உள்ள அலைபேசி வழியாக, அனுப்பியவர் இன்னார் என்றே தெரியாமல் வருகிறது. சமுதாய வானொலிக்கோ பெயருண்டு, முகவரியுண்டு, உரிமமுண்டு. ஒலிபரப்பியவற்றின் பதிவை மூன்று மாதம் காத்து வைக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு விதியே பணித்தது. தவறிழைத்தால் சட்டத்தின் முன் நிறுத்தலாம். பெயரற்ற பொய் விடிவதற்குள் ஊரைச் சுற்றிவிடும்போது, அதனை அந்த இரவே மறுக்கவல்ல, ஊரார் நம்பும் ஒரு குரலை வாய்பொத்தி வைத்திருப்பது அமைதிக்குச் செய்யும் உதவி ஆகுமா? ஜமாஅத் தலைவரும் கோயில் அறங்காவலரும் ஒரே ஒலிவாங்கியின் முன் அமர்ந்து உண்மை இதுவெனச் சொன்னால் அணையும் நெருப்பு எத்தனையோ!

அவிழ்ப்பதும் கைவிடுவதும்

பழைய விதிகளை நீக்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்க நாட்டில் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தால் கல்வித் தொலைக்காட்சி நிலையங்களின் கருவிகளுக்கு மானியம் தொடங்கிற்று; பின்னர் அது பொது வானொலிக்கும் விரிந்தது. 2011இல் அதற்கான நிதி நிறுத்தப்பட்டது. பயனிழந்த விதிகள் மட்டும் சட்ட ஏட்டில் நெடுநாள் கிடந்தன. அத்தகைய விதிகளைக் களைவது முறையே. ஆனால் 2025 சூலையில் அந்நாட்டுப் பேரவை, பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு ஒதுக்கியிருந்த ஏறத்தாழ 110 கோடி டாலரையும் திரும்பப் பெற்றது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழித் தோன்றிய அக்கழகம் அடுத்த மாதமே தன் பணிகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. பெருநகர நிலையங்கள் நன்கொடையால் பிழைக்கக்கூடும். சிற்றூர் நிலையங்களுக்கே இடர் மிகுதி. கன்றின் கழுத்துக் கயிற்றை அவிழ்ப்பது வேறு. கன்றைக் காட்டில் விடுவது வேறு. நாம் கேட்பது முன்னதையே.

இந்திய அரசு 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தை இயற்றியது. அகில இந்திய வானொலியையும் தூர்தர்ஷனையும் புதுக்க 2,539 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டத்துக்கு 2023 சனவரியில் ஒப்புதல் அளித்தது. நூற்றாண்டுச் சட்டத்தையே மாற்றத் துணிந்த அரசுக்கு, பெரிய நிலையங்களுக்கு ஆயிரக்கணக்கான கோடி ஒதுக்க மனம் கொண்ட அரசுக்கு, சிறிய நிலையங்களின் விதிகளைத் திருத்துவது அரிய செயல் அன்று.

எனவே நாம் வேண்டுவன மூன்று. மானியத்தில் ஒரு பகுதி நிலையத்தை நடத்தும் செலவுக்கும் உரியதாக வேண்டும். வசதியற்ற குழுக்களுக்குத் தம் பங்குத் தொகையிலிருந்து விலக்கு அளிக்கப்பட வேண்டும். உள்ளூர்ச் செய்தியைப் பொறுப்புடன் ஒலிபரப்பும் உரிமை சட்டத்தால் உறுதி செய்யப்பட வேண்டும்.

அரசை மட்டும் கேட்டு அமைவது நேர்மையாகாது. தமிழகத்தில் சமுதாய வானொலி உரிமம் பெற்றவற்றுள் கல்வி நிறுவனங்கள் பல. அவற்றின் ஒலிவாங்கி வளாகத்து மதிலைத் தாண்டிப் பக்கத்துச் சேரிக்கும் தறிக்கூடத்துக்கும் செல்கிறதா? கல்லூரி விழாவின் வரவேற்புரையை ஒலிபரப்புவதற்கு ஒரு வானலை வேண்டுமா? தமிழ் பயிலும் நம் மாணவர்கள் சேர்வராயன் மலையடிவாரத்து முதியோரின் வழக்காறுகளையும், தறிப்பாட்டையும், தாலாட்டையும் ஒலிப்பதிவு செய்து சேர்க்கத் தொடங்கட்டும். விதி மாறும் நாளில் சொல்வதற்கு நம்மிடம் ஏதேனும் இருக்க வேண்டும் அன்றோ?

அமானிதம் உரியவரிடம் திரும்பச் சேர்க்கப்பட வேண்டியது. வானலைக்கு உரியவர் மக்கள். அதனைக் கேட்டுப் பெறும் கடமையும் மக்களாகிய நம்முடையதே.