வரி குறைந்தது, வீட்டில் மிஞ்சியது என்ன?



ஆண்டுதோறும் தை பிறந்ததும், இஷா தொழுகைக்குப் பின் சிங்கப்பெருமாள் கோயிலில் எங்கள் மதரஸாத் திண்ணையில் ஒரு சிறு கூட்டம் கூடுவது வழக்கம். மறைமலைநகரிலும் மகேந்திரா சிட்டியிலும் ஒரகடத்திலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் அவர்கள். சிறு வயதில் என்னிடம் அலிஃப், பே ஓதியவர்கள். கையில் எல்.ஐ.சி. ரசீதும் வங்கிக் காகிதங்களுமாக வந்து, "ஹஜ்ரத், கம்பெனியில் முதலீட்டுச் சான்று கேட்கிறார்கள். இன்னும் நாற்பதாயிரம் காட்ட வேண்டும். எதில் போடலாம்?" என்று வினவுவார்கள். அஞ்சல் வழியில் பொருளியலில் பி.ஏ. முடித்தவன் என்ற ஒரே குற்றத்திற்காக, ஸர்ஃபும் நஹ்வும் நடத்தும் என்னை வரிக்கணக்கராகவும் ஆக்கிவிட்டார்கள்.

2026 தையில் அந்தக் கூட்டம் கூடவில்லை. ஒருவர் மட்டும் வந்தார். அவரும் ரசீதுகளோடு வரவில்லை. அவர் கதையைச் சொல்லுமுன், கூட்டம் ஏன் கலைந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2025 பிப்ரவரி 1ஆம் நாள் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அவர்கள் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை உள்ளவர்கள் வருமான வரி கட்ட வேண்டியதில்லை என அறிவிக்கப்பட்டது. மாதச் சம்பளம் வாங்குவோருக்கு நிலைக்கழிவு 75,000 உண்டு. ஆகவே அவர்களுக்கு 12,75,000 வரை வரியில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. ஆனால் இச்சலுகை 2020இல் அறிமுகமாகி, 2023இல் பொதுமுறையாக்கப்பட்ட புதிய வரிமுறையைச் சேர்ந்தவர்களுக்கே உரியது. அம்முறையில் 80சி கிடையாது, 80டி கிடையாது. எல்.ஐ.சி. கட்டினாலும் ஒன்றுதான், கட்டாவிட்டாலும் ஒன்றுதான். இதையடுத்து 1961ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாகப் புதிய வருமான வரிச் சட்டமும் 2025 ஆகஸ்டில் நிறைவேறியது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமாறு இயற்றப்பட்டது. அதில் பிரிவு எண்களும் சொற்களும் மாறின. வரி விகிதங்களை அது மாற்றவில்லை.

இனி அந்த இளைஞர். மாதம் 90,000 சம்பளம்; ஆண்டுக்கு 10,80,000. அத்தா விட்டுச்சென்ற சொந்த வீடு. மனைவி, ஒரு மகள், 63 வயதான அம்மா. பல ஆண்டுகளாகப் பழைய முறையிலேயே வரி கட்டி வந்தார். 80சி பிரிவின் ஒன்றரை லட்சத்தை நிரப்ப, கம்பெனி பிடிக்கும் சேமநல நிதி 64,800, எல்.ஐ.சி. 40,000, வங்கியில் ஐந்தாண்டு வைப்பு 45,200. இவை போக, அம்மாவின் மருத்துவக் காப்பீட்டுக்கு 30,000. பழைய முறையின் நிலைக்கழிவு 50,000 உள்பட எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது 8,50,000. அதற்கு வரியும் கூடுதல் தீர்வையும் சேர்த்து 85,800 ரூபாய். (2024-25லேயே அவர் புதிய முறைக்கு மாறியிருந்தால் 52,780தான் ஆகியிருக்கும். யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை; நானும்தான்.)

2025 ஏப்ரல் முதல் அவர் வரி பூஜ்யம். மாதந்தோறும் 7,150 ரூபாய் கூடுதலாகக் கைக்கு வந்தது. அல்ஹம்துலில்லாஹ். இனிச் சான்று காட்டத் தேவையில்லை என்பதால் ஐந்தாண்டு வைப்பை நிறுத்தினார். ஆகஸ்டில் அம்மாவின் காப்பீட்டுக்குப் புதுப்பிப்புக் கடிதம் வந்தபோது, "வரியே இல்லை, இது எதற்கு?" என்று அதையும் விட்டுவிட்டார். எல்.ஐ.சி. மட்டும் பிழைத்தது, ஏஜெண்டு அவருடைய மாமா என்பதால். ஆக, வரியில் 85,800, வைப்பில் 45,200, காப்பீட்டில் 30,000. மொத்தம் 1,61,000 ரூபாய் அந்த ஆண்டு வீட்டுக்குள் புதிதாகப் புழங்கத் தொடங்கியது. ஒரு மோட்டார் சைக்கிளுக்கு முன்பணமும் தவணையும், ஒரு பெரிய குளிர்பதனப் பெட்டி, ஊட்டிக்கு ஒரு பயணம், மீதி எங்கே போயிற்று என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. இதில் ஊதாரித்தனம் என்று எதையும் நான் கருதவில்லை. உழைக்கும் பிள்ளை ஊட்டியைப் பார்க்கக் கூடாதா?

நவம்பரில் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல். வலி பொறுக்க முடியாமல் இரவோடு இரவாகத் தனியார் மருத்துவமனைக்கு ஓடினார்கள். கம்பெனியின் குழுக் காப்பீட்டில் மனைவி, பிள்ளைக்கு இடமுண்டு, பெற்றோருக்கு இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமோ ஆண்டு வருமானம் 1,20,000க்குள் உள்ள குடும்பங்களுக்கானது. பில் 1,90,000 ரூபாய். மனைவியின் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்து 1,20,000. மச்சான் கையில் கொடுத்தது 70,000. அந்தச் சங்கிலி, அவள் மஹராகப் பெற்றது.

இந்த இடத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. பழைய சட்டம் வீட்டில் இருக்கும் கடுகடுத்த பாட்டனாரைப் போன்றது. ஓயாமல் நச்சரிக்கும், "சேமித்தாயா? காட்டு" என்று அதட்டும், காட்டாவிட்டால் தண்டம் விதிக்கும். அந்த அச்சத்தில்தான் நம் குடும்பங்கள் பல சேமித்தன. பாட்டனார் நல்லவரா என்பது வேறு செய்தி. ஒன்றரை லட்சம் என்ற உச்சவரம்பை 2014இல் வைத்தார்கள்; அதன்பின் அரிசி விலையும் பள்ளிக் கட்டணமும் எங்கெங்கோ போன பின்பும் அது அசையவில்லை. இப்போது பாட்டனார் வாய் மூடிக்கொண்டார். அவர் சொல்லிக்கொண்டிருந்ததை இனி யார் சொல்வது?

நம் நாட்டில் வருமான வரி வந்த கதையை எண்ணிப் பார்த்தால் இது விந்தைதான். 1857 கிளர்ச்சியால் காலியான கஜானாவை நிரப்ப, 1860இல் ஜேம்ஸ் வில்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் கொண்டுவந்தது இவ்வரி. வாங்குவது ஒன்றே அதன் நோக்கம். குடும்பத்துக்குச் சேமிப்புப் பாடம் நடத்தும் வேலையை அது பின்னாளில் ஏற்றுக்கொண்டது. 1997இல் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த ப. சிதம்பரம் அவர்கள் விகிதங்களை 10, 20, 30 எனக் குறைத்தபோதும் அந்தப் பாடம் நிற்கவில்லை. இப்போதுதான் நிற்கிறது.

என் பங்குக்கு நான் ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றம் ஒன்றுண்டு. ஐந்தாண்டு வைப்பில் வட்டி வருமே என்று சில பிள்ளைகள் தயங்கியபோது, "வரிக்காகத்தானே போடுகிறீர்கள், வட்டியை நன்மை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பியவன் நான். அந்த விடையில் என் சோம்பலும் கலந்திருந்தது. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கல்விக் கட்டணமும் 80சியில் அடங்கும் என்பதை எத்தனை பேரிடம் விளக்கினேன்? அந்தச் சாக்கு இப்போது என்னிடமிருந்தும் பறிபோயிற்று. 12,75,000 வரை சம்பளம் வாங்குபவர் இன்று வட்டி வைப்பில் பணம் போட்டால், அதற்கு வரியைக் காரணம் காட்ட முடியாது. காப்பீடு குறித்து உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை அறிவேன். அதை இங்கே தீர்க்க முற்படவில்லை. காப்பீடு வேண்டாம் என்று மார்க்கத்தை எண்ணி ஒதுக்கியவர், அம்மாவின் மருத்துவத்துக்கென வேறொரு தொகையை ஒதுக்கியிருப்பார். இந்த இளைஞர் ஒதுக்கியது மார்க்கத்துக்காக அன்று; சட்டம் கேட்கவில்லை என்பதற்காக.

அதிலும் ஒரு வேதனை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. அறவே நீக்கப்பட்டது. (நம் ஊர் வழியே ஓடும் ஜி.எஸ்.டி. சாலை வேறு, இந்த ஜி.எஸ்.டி. வேறு என்று எங்கள் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியிருந்தது.) ஒரு மாதம் முன்னர் அவர் பாலிசியை விட்டார். ஆண்டுச் சந்தா கட்டத் தவறியவர்களுக்கு அளிக்கப்படும் 30 நாள் அவகாசமும் கடந்துவிட்டது. இப்போது புதிதாக எடுத்தால், அம்மாவின் சர்க்கரை நோய் போன்ற முன்பே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருக்க நேரலாம்.

திண்ணைக்கு வராதவர்களுக்காகவும் சில சொற்கள். 12 லட்சத்தைத் தாண்டி ஒரு ரூபாய் வந்தாலும் அறுபதாயிரம் வரி விழும் என்று அஞ்சி, மிகைநேர வேலையை மறுத்த ஒருவரை அறிவேன். அது தவறு. நிலைக்கழிவுக்குப் பின் வருமானம் 12,10,000 ஆனால் கணக்குப்படி 61,500 வரி வரும். ஆனால் விளிம்பு நிவாரணத்தால் தாண்டிய 10,000க்கு மேல் வாங்கமாட்டார்கள், கூடுதல் தீர்வை மட்டும் சேரும். இதற்கு நேர்மாறான மயக்கமும் உண்டு. நம் பகுதியில் மனை விற்பவர்கள் மிகுதி. "பன்னிரண்டு லட்சம் வரை வரியில்லையே" என்று நிலம் விற்ற லாபத்தையும் அதில் சேர்த்துக்கொள்கிறார்கள். மூலதன ஆதாயத்துக்கு இந்தத் தள்ளுபடி இல்லை. சம்பளம் ஏற்கனவே 4 லட்சத்தைத் தாண்டியவர், இரண்டாண்டுக்கு மேல் வைத்திருந்த மனையை விற்று 5 லட்சம் ஆதாயம் பெற்றால், 12.5 விழுக்காட்டில் 62,500 கட்டியாக வேண்டும். வரி பூஜ்யம் என்பதால் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டாம் என்பதும் சரியன்று; வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் செய்யத்தான் வேண்டும். கடை வைத்திருப்போர் பழைய முறையா புதியதா என்று ஆண்டுதோறும் மாறி மாறித் தாவ இயலாது. ஒரு முறை வெளியேறித் திரும்பினால் அவ்வளவுதான். அவர்கள் கணக்கரைக் கேட்டுச் செய்வது நலம்.

இடையில் ஒரு செய்தி. இந்துக் கூட்டுக் குடும்பம் என்ற பெயரில் தனியாக வரிக் கணக்கு வைத்துக்கொள்ளும் வசதி நமக்கில்லை என்று முன்பு அங்கலாய்த்தவர்கள் உண்டு. இந்தப் பன்னிரண்டு லட்சத் தள்ளுபடி தனிநபருக்கே உரியது. கூட்டுக் குடும்பக் கணக்குக்குக் கிடையாது.

மச்சான் கொடுத்த 70,000 பற்றியும் சொல்ல வேண்டும். வட்டியில்லாத அழகிய கடன். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக. ஆனால் 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட கடனை ரொக்கமாக வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது; வாங்கிய தொகை அளவுக்கே தண்டம் விதிக்கவும் இடமுண்டு. உறவுக்குள்தானே என்பது பதிலாகாது. தக்க காரணம் காட்டினால் விலக்குக் கிடைக்கலாம். என்றாலும் நள்ளிரவு மருத்துவமனையில்கூட, கைபேசியிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இன்று எளிது. திருப்பிக் கொடுப்பதையாவது வங்கி வழியாகச் செய்யும்படி சொன்னேன்.

"வரி கட்டிய பணத்தை ஸகாத்தில் கழிக்கலாமா?" என்று கேட்டுவந்தவர்களுக்கு இனி அந்தக் கேள்வியும் இல்லை. முன்னரும் கழிக்க இடமிருந்ததில்லை. வரி அரசுக்குரியது, ஸகாத் ஏழையின் உரிமை. நிஸாபை எட்டியவரிடம் அந்த 85,800 ரூபாய் ஓராண்டு முழுதாகத் தங்கியிருந்தால் அதற்கு ஸகாத் 2,145 ஆகும். நம் இளைஞரிடம் அது தங்கவில்லை. அறக்கட்டளைகளுக்குக் கொடுத்து 80ஜி ரசீது கேட்டவர்களும் இவ்வாண்டு கேட்கவில்லை. அவர்களில் எத்தனை பேர் ரசீதில்லாமலும் கொடுத்தார்கள் என்பதைப் பள்ளி நடத்துவோர் என்னைவிட நன்கறிவார்கள்.

அவர் திண்ணைக்கு வந்ததன் காரணம் இதுதான். மாதம் 7,150 இன்னும் வருகிறது. அதைக் கொண்டு முதலில் சங்கிலியை மீட்பதா, அம்மாவுக்குப் புதிய பாலிசி எடுப்பதா? அடகுக்கு மாதம் 1,100 ரூபாய் வட்டி போகிறது. நான் தயங்காமல், "சங்கிலியை மீளுங்கள். வட்டியும் நிற்கும், அது உங்கள் மனைவியின் மஹர், அவரது உரிமை" என்றேன். சரியென்று போனார்.

ஒரு வாரம் கழித்து அவருடைய மனைவி, என் மனைவியிடம் வந்து பேசியிருக்கிறார். "ஹஜ்ரத் சொன்னது சரிதான். ஆனால் சங்கிலி என்னுடையது. எது முதலில் என்று நான் சொல்லலாம் அல்லவா? மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்றால் அதை இன்றைக்கே தொடங்கட்டும். மாமியாருக்கு வயது ஏறிக்கொண்டு போகிறது, சங்கிலிக்கு வயது ஏறாது" என்றாராம்.

பாலிசி எடுத்துவிட்டார்கள். மோட்டார் சைக்கிளை விற்பதற்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.