பச்சைப் புள்ளிக் கலாசாரம்

வீட்டிலிருந்து உத்தியோகம் பார்ப்பவர்கள் சக ஊழியர்களோடு எப்படி நல்லவிதமாகத் தொடர்பு கொள்வது என்று போதிப்பதற்கு ஒரு தொழிலே கிளம்பியிருக்கிறது. பயிற்சியாளர்கள், வகுப்புகள், சான்றிதழ்கள். போதனையின் சாரம் ஒன்றுதான்: அதிகம் பேசு, அடிக்கடி பேசு, உடனே பதில் போடு, கேமராவைத் திறந்து வைத்துச் சிரி. மொழியைப் பற்றிக் கொஞ்சமும் பிரக்ஞை இல்லாதவர்களால்தான் இப்படி ஒரு யோசனையைச் சொல்ல முடியும் என்பது என் கட்சி.

அம்பத்தூரை எடுத்துக்கொள்வோம். 1960களில் அரசாங்கம் உருவாக்கிய தொழிற்பேட்டை. லேத்தும் பிரஸ்ஸும் ஓடுகிற சின்னச் சின்னப் பட்டறைகள். இந்த நூற்றாண்டில் அவற்றின் நடுவிலேயே எழும்பிய கண்ணாடிக் கட்டடங்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கண்ணாடிக் கட்டடத்துக்காரர்கள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி என்று அவரவர் வீடு போய்ச் சேர்ந்தார்கள். லேத்காரனுக்கு அந்த வழி கிடையாது. 1961ல் ஆவடியில் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையின் டாங்கியை யாரும் வீட்டு வராந்தாவில் வைத்துப் பூட்ட முடியாது.

ஆனால், சக ஊழியனைக் காணாமலே அவனோடு சேர்ந்து வேலை செய்வது எப்படி என்பதை அந்த லேத்காரனிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரவு ஷிப்டுக்காரனும் காலை ஷிப்டுக்காரனும் ஒரே மிஷினில் வேலை செய்கிறவர்கள். இருவரும் பார்த்துக்கொள்வது ஐந்து நிமிஷம். சில நாள் அதுவும் இல்லை. ஒருவன் எழுதி வைத்துவிட்டுப் போகிறான்: டூல் மாற்றியிருக்கிறது, முதல் பீஸை அளந்து பார், கூலண்ட் குறைவு. மற்றவன் படித்துவிட்டு மிஷினைப் போடுகிறான். ஒரு சொல்கூட உபரி இல்லை. தப்பாக எழுதினால் டூல் உடையும், விரலும் போகலாம். அதனால் சொல்லுக்கு அங்கே எடை இருக்கிறது. இருவருக்கும் நடுவே ஒரு பொருள் கிடக்கிறது. பேச்சு அதைப் பற்றியது. (பட்டறையைப் பொற்காலமாக்குவது என் உத்தேசமல்ல. மேஸ்திரியின் வசவும் அங்கே ஒரு தொடர்புமுறைதான்.)

கண்ணாடிக் கட்டடத்துக்காரர்களுக்கு நடுவே என்ன கிடக்கிறது? பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. சில நிமிஷம் கை அசையாவிட்டால் அது மஞ்சளாகிவிடும். யோசிக்கிறவனின் கை அசையாது என்பது அந்த யந்திரத்துக்குத் தெரியாது. தெரியவேண்டிய மேலாளருக்கும் தெரியவில்லை. விளைவாக, மௌஸைத் தானாகவே அசைத்துக் கொடுக்கும் கருவிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. வேலை செய்வதன் இடத்தில் வேலை செய்வதாகக் காட்டிக்கொள்வது வந்து உட்கார்ந்துவிட்டபின், பேச்சும் அந்தக் காட்சியின் ஒரு பகுதியாகிவிடுகிறது. 'ஜென்டில் ரிமைண்டர்' என்று எழுதுகிறான் ஒருவன். அதில் மென்மை ஏதும் இல்லை என்பது எழுதியவனுக்கும் தெரியும், பெறுபவனுக்கும் தெரியும். நகல் பெறும் மூன்றாமவருக்காக எழுதப்பட்டது அது. கடிதம் என்ற உருவத்தில் ஒரு சாட்சிப் பத்திரம்.

இந்தப் போதகர்களுக்குச் சார்பாக ஒரு வாதம் உண்டு. விஷயமற்ற பேச்சும் மனிதர்களைப் பிணைக்கிறதே என்பார்கள். மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923லேயே சொன்ன சங்கதி இது: குசலம், வம்பு, வானிலை எல்லாம் செய்தி சொல்வதற்காக அல்ல, சேர்ந்து இருப்பதற்காகவே பேசப்படுகின்றன. மறுக்கவில்லை. தொழிற்பேட்டை டீக்கடையில் நடப்பது அதுதான். ஆனால் அது தானாக நிகழ்வது. எழுந்து போய்விடவும் முடிகிற இடத்தில் நிகழ்வது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கட்டாயக் கலகலப்பு என்று அட்டவணை போட்டால் அது ஆஜர் எடுப்பதுதான்.

திரைக்கு முன்னால் ஏற்படும் அயர்ச்சியைப் பற்றி ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜெரமி பெய்லன்சன் 2021ல் எழுதினார். அளவுக்கு மீறி அருகில் வந்து நிற்கும் முகங்கள், இடைவிடாத பார்வை, நாள் முழுக்கத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அவஸ்தை, நகர முடியாமை. இதற்கு மருந்தாக இன்னும் நாலு கூட்டங்களைச் சிபாரிசு செய்கிறவர்களை என்னவென்று சொல்வது?

அந்த முகத்துக்குப் பின்னால் இருக்கும் வீட்டைப் பற்றியோ போதனையில் ஒரு வரி கிடையாது. இரண்டு அறை வீடு, குக்கர் சத்தம், ஒரு அறையில் மாமனார், மறு அறையில் பிள்ளையின் பாடம். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் நாள் முழுக்க ஒலியை அணைத்தே வைத்திருக்கிறாள். தனக்குச் சொல்ல ஒன்று இருந்து அவள் ஒலியைத் திறக்குமுன் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. 'பங்கேற்பு குறைவு' என்று அவளுக்கு மதிப்பீடு. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு கேள்வி வருகிறது. பதில் போடாவிட்டால் அதுவும் தொடர்புக் குறைபாடு. பிரான்ஸில் 2017 முதல், ஐம்பது பேருக்கு மேற்பட்ட கம்பெனிகள் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி ஊழியர்களோடு பேசித் தீர்க்க வேண்டும். இங்கே 2018ல் மக்களவையில் சுப்ரியா சுலே அதற்கொரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. பதில் சொல்லாமல் இருக்க உரிமையில்லாதவனின் பதிலுக்கு என்ன அர்த்தம்?

தூரத்திலிருந்து சேர்ந்து வேலை செய்வது நமக்குப் புதிதும் அல்ல. 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா 'எழுத்து'வைத் தொடங்கினார்; 1970 வரை நடத்தினார். அதில் எழுதியவர்கள் ஒரே கூரையின் கீழா இருந்தார்கள்? நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி, திருகோணமலையில் தருமு சிவராமு, வடக்கே உத்தியோகத்தில் வெங்கட் சாமிநாதன். தபால்தான் அவர்களுடைய அலுவலகம். அவர்களுக்கு நடுவிலும் ஒரு பொருள் இருந்தது, கவிதை என்றும் விமர்சனம் என்றும். அதனால் சண்டை போட முடிந்தது. இன்றைய பணிக்குழுவில் சண்டை போட முடியாது; அங்கே எல்லாம் 'அருமையான கருத்து'.

ஆக, என்ன செய்வது என்று கேட்டால்: குறைவாக எழுதுங்கள், முழுசாக எழுதுங்கள். முடிவு என்ன, ஏன் அந்த முடிவு, யார் செய்வது, எப்போதுக்குள் என்பதை ஒரே இடத்தில், ஷிப்டு நோட்டில் எழுதுகிறமாதிரி எழுதி வையுங்கள். கோபம் வந்தால் எழுதாமல் போனை எடுங்கள். 'புரியவில்லை' என்று சொன்னவனை மதிப்பீட்டில் தண்டிக்காதீர்கள். பச்சைப் புள்ளியை எடுத்துவிடுங்கள். முக்கியமாக, தமிழில் எழுதுங்கள். ஒரே ஷேர் ஆட்டோவில் வந்துபோன இரண்டு பேர், தங்களுக்குள் வந்த ஒரு சின்ன மனஸ்தாபத்தை இரவல் இங்கிலீஷில் தீர்க்கப் பார்த்து அதைப் பகையாக்கிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். வருத்தம் என்ற ஒன்றை அந்த இங்கிலீஷில் சொல்லவே முடியாது. 'இன்கன்வீனியன்ஸ்' என்றுதான் வரும்.

ஹைதராபாத்காரனுக்கு எப்படிப் புரியும் என்று உடனே கேட்பார்கள். அவனுக்கு இங்கிலீஷிலேயே எழுதுங்கள், யார் வேண்டாமென்றது? நான் சொல்வது பட்டாபிராமிலிருந்து திருமுல்லைவாயிலுக்கு எழுதுவதைப் பற்றி.