கோழி இன்னும் முட்டையிடவில்லையா?

"பத்து நாளாச்சு மிஸ், ஒரு முட்டையும் இல்ல. புருசன இழந்தவள், என்ட ராசி. இறைச்சிக்கு வித்துப்போடப் போறன்" என்றார், வாழ்வாதார உதவியாக ஆறு கோழி பெற்ற விநாயகபுரத்துச் சகோதரி ஒருவர்.

ராசிக்கும் முட்டைக்கும் தொடர்பில்லை சகோதரிகளே. இடம் மாறிய கோழி வெருண்டிருக்கும். புதிய கூடும் தீனும் பழக இரண்டு மூன்று கிழமை செல்லலாம். கொண்டையைப் பார்த்தேன்: சிறிதாக, வெளிறியிருந்தது. பருவமே வரவில்லை! நல்லினப் பேடுகள் 18–20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும்; ஊர்க்கோழி இன்னும் பிந்தும்.

தண்ணீர்ச் சட்டியோ வெயிலில் காய்ந்து கிடந்தது. சில மணி நேரம் தண்ணீர் இல்லாவிட்டாலும் முட்டை குறையும். தவிடும் சோறும் மட்டும் போதாது. மீன் கழிவை அவித்துக் கொஞ்சம் கொடுங்கள். மட்டி ஓடு நம் கடற்கரையில் சும்மா கிடக்கிறது, இடித்து வையுங்கள். திறந்துவிடும் கோழியென்றால் பற்றைக்குள்ளும் தேடிப் பாருங்கள்.

தூங்கி விழுந்தால் மட்டும் உடனே கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். அந்தச் சகோதரி இப்போதைக்கு விற்கவில்லை. அடுத்த மாதம் போய்ப் பார்க்க வேண்டும்.