காட்டைக் காப்பவனுக்கே காட்டில் உரிமை வேண்டும்!



கோடையில் இலை கொட்டிக் காய்ந்து கிடக்கும் காடு நம்ம பர்கூர் மலைக்காடு. செம்மறை மாடு மேய்ந்தால் காய்ந்த புல் குறையும், தீ பரவுவதும் குறையும். பட்டி எரு விற்ற காசில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்திருக்கு.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் மாடு மேய்க்கத் தடை போட்டது. பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டோம். 2024-இல் நம் காடே தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் ஆனது. இனி மாட்டை எங்கே ஓட்டிட்டுப் போறது?

யானையோடும் புலியோடும் நமக்குச் சண்டை இல்லை. காடு அழிந்தால் முதலில் அழிவது நாம்தான். ஆனால் காக்கிறவனை வெளியே தள்ளிவிட்டுக் காட்டைக் காக்க முடியுமா?

2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமை தருகிறது. சிறு வன மகசூலைச் சேகரித்து விற்கும் உரிமை தருகிறது. சமுதாயக் காட்டைப் பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமையும் தருகிறது. சரணாலயத்துக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் பட்டா தர 2008-இல் நீதிமன்றம் போட்ட தடை 2016-இல்தான் நீங்கியது. எட்டு வருஷம் வீணாப் போச்சு. இனியும் சும்மா இருக்கலாமா?

உரிமை கையில் இருந்தால்தான் நாளைக்கும் காய்க்கட்டும் என்று நெல்லிக் கிளையை ஒடிக்காமல் பறிப்போம். உரிமை இல்லாதவன் இன்றைக்குக் கிடைத்தது லாபம் என்றுதான் நினைப்பான்.

பழங்குடி அல்லாதவர்கள், 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டை நம்பி அங்கேயே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பெரியவர்களின் வாக்குமூலமும் சான்றுதான். அது மட்டும் போதாது. பழைய மேய்ச்சல் ரசீது, அரசு ஆவணம் என்று இன்னொன்றும் சேர்த்து வையுங்கள். பரணில் கிடக்கும் காகிதத்தை எலி தின்னவிடாதீர்கள்!

நாம் கேட்பது:

* கிராம சபையைக் கூட்டு! வன உரிமைக் குழு அமை!
* மேய்ச்சல் உரிமையை எழுத்தில் கொடு!
* நெல்லி, கடுக்காய், சீமாறுக்கு நியாய விலை கொடு!
* உண்ணிச்செடி அகற்றும் வேலையை உள்ளூர் மக்களுக்கே கொடு!

எந்தக் காட்டில் எந்த மாதம் மேய்ப்பது, எதை ஓய்வாக விடுவது என்று நாமே கூடி முடிவு செய்வோம். மீறுகிறவன் நம் ஆளாக இருந்தாலும் தட்டிக் கேட்போம்.

கிராம சபைக்குத் திரண்டு வாரீர்! பெண்களும் அவசியம் வாரீர்!