காட்கோபரில் பெற்ற புள்ளி கலீனாவில் செல்லுமா? சமுதாயக் கல்லூரி மாணவர்களைத் தடுக்கும் சுவர்

- நமது நாடாளுமன்ற நிருபர் -

புது தில்லி: சமுதாயக் கல்லூரியில் ஓராண்டுப் பட்டயப் படிப்பை முடித்த மாணவர், பல்கலைக்கழகப் பட்டப் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர முடியுமா? முடியும் என்கின்றன மத்திய அரசின் விதிகள். எங்கள் கல்விக் குழுதான் முடிவு செய்ய வேண்டும் என்கின்றன பல்கலைக்கழகங்கள். இரண்டுக்கும் இடையே மாணவர் இழப்பது ஓர் ஆண்டு. ஏழைக் குடும்பமாக இருந்தால் பட்டமே கைநழுவிப் போகிறது.

மும்பையின் கிழக்குப் புறநகரான காட்கோபரை எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் எளிதில் விளங்கும். ரயில் நிலையத்துக்கு மேற்கே, மும்பைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த தன்னாட்சிக் கல்லூரியான ராம்நிரஞ்சன் ஜுன்ஜுன்வாலா கல்லூரி உள்ளது. அடுத்த நிலையமான வித்யாவிஹாரில், 2019-ஆம் ஆண்டு தனியார் பல்கலைக்கழகமான சோமையா வளாகம். செம்பூரைத் தாண்டினால் தேவனாரில், நிகர்நிலைப் பல்கலைக்கழகமான டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். வடக்கே முலுண்டில் அரசு ஐ.டி.ஐ. பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டருக்குள் நான்கு வகை நிறுவனங்கள். நான்கும் நான்கு வெவ்வேறு சட்டதிட்டங்களின் கீழ் இயங்குகின்றன. ஒன்றில் பெற்ற மதிப்புப் புள்ளியை (கிரெடிட்) மற்றொன்று ஏற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

காட்கோபர் கிழக்கில் காமராஜர் பெயரிலேயே ஒரு குடியிருப்பு உண்டு. தாராவி, செம்பூர், மாட்டுங்கா எனப் பரவியுள்ள தமிழ்க் குடும்பங்களில், பத்தாம் வகுப்பு அல்லது பன்னிரண்டாம் வகுப்புடன் வேலைக்குச் சென்ற இளைஞர்கள் கணிசமானோர். தமிழகத்தில் ஒரு பட்டயம் பெற்று, வேலை தேடி மும்பை வந்து, அங்கு மாலை நேரத்தில் பட்டம் படிக்க நினைப்பவருக்கு மாநில எல்லையும் ஒரு தடையாகிறது.

முதல் அடி புதுவையில்: இந்தியாவில் சமுதாயக் கல்லூரி என்ற எண்ணம் தமிழ் மண்ணில்தான் வேரூன்றியது என்பது குறிப்பிடத்தக்கது. 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. 1996-இல் சென்னை மயிலை கத்தோலிக்க உயர் மறைமாவட்டம் சென்னையில் ஒன்றைத் தொடங்கியது. லயோலா கல்லூரியின் முன்னாள் முதல்வர் சேவியர் அல்போன்ஸ் 1999-இல் இதற்கென ஆய்வு மையமே நிறுவினார். 2002-இல் உருவான தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பின்னர் சமுதாயக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கியது. பள்ளியிலிருந்து இடைநின்றவருக்கு வாழ்க்கைத் திறனும் தொழிலும் கற்றுத்தந்து வேலைக்கு அனுப்புவதே அப்போதைய நோக்கம். அந்த நோக்கம் பெருமளவு நிறைவேறியது. ஆனால் அங்கிருந்து பட்டப் படிப்புக்குச் செல்ல வழி அமைக்க அன்று யாரும் முனையவில்லை.

அந்த வழியை முதலில் அமைக்க முயன்றது இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 2009-இல் அது நாடு முழுவதும் சமுதாயக் கல்லூரித் திட்டத்தைத் தொடங்கி, இரண்டாண்டு இணைப் பட்டத்தையும் அறிவித்தது. அதை முடித்தவர் மேலும் படித்து இளநிலைப் பட்டம் பெறலாம் என்பதே ஏற்பாடு. நிர்வாகம் மாறியதும் 2012-இல் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. இணைப் பட்டத்தை நம்பிச் சேர்ந்தவர்கள் நடுவழியில் நின்றனர். அடுத்த ஆண்டே, பல்லம் ராஜு மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சராக இருந்தபோது, 200 சமுதாயக் கல்லூரிகள் என்ற அறிவிப்பு தில்லியிலிருந்து வெளியானது. பழைய திட்டத்தின் மாணவர்களுக்கு என்ன வழி என்பதற்கு முதலில் விடை கண்டிருக்கலாம்.

கடனா, வரவா?: தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 2021 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கல்வி வரவு வங்கிக்கான ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. (இதைக் கல்விக் கடன் வங்கி என்று மொழிபெயர்த்தால் பெற்றோர் பதறிவிடுவர், இங்கு மாணவர் வாங்குவது எதுவும் இல்லை, சேமிப்பதுதான்.) ஒரு நிறுவனத்தில் பெற்ற புள்ளிகள் மாணவரின் கணக்கில் சேரும், வேறு நிறுவனத்தில் பட்டம் பெறும்போது கழித்துக்கொள்ளப்படும். புள்ளிகளின் ஆயுள் அதிகபட்சம் 7 ஆண்டுகள். பட்டம் வழங்கும் நிறுவனத்தில் குறைந்தது பாதிப் புள்ளிகளைப் பெற்றிருக்க வேண்டும். 2021-22 கல்வியாண்டு முதல் பெற்ற புள்ளிகளே கணக்கில் சேரும். அதாவது, 1995 முதல் கால் நூற்றாண்டுக் காலம் சமுதாயக் கல்லூரிகளில் படித்தவர்கள் இந்த வங்கியின் வாசலுக்கே வர முடியாது.

கணக்கும் ஒத்துவரவில்லை. யுஜிசியின் பழைய தொழில்கல்விப் பட்ட (பி.வோக்) விதிகளின்படி ஓர் ஆண்டுக்கு 60 புள்ளிகள், அவற்றில் 36 திறன் பயிற்சிக்கு, 24 பொதுப் பாடங்களுக்கு. 2022 டிசம்பரில் வெளியான இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பில் மூன்றாண்டுப் பட்டத்துக்கே 120 புள்ளிகள்தான், ஆண்டுக்கு 40. 2023 ஏப்ரலில் வெளியான தேசிய மதிப்புப் புள்ளிக் கட்டமைப்பு, 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு புள்ளி என வகுத்தது. பழைய 60 புள்ளிகளை அப்படியே ஏற்றால் ஓராண்டுப் படிப்பு ஒன்றரை ஆண்டாகிவிடும். குறைத்தால் எந்த விகிதத்தில் குறைப்பது?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. புள்ளிகளை ஏற்றாலும் பாடத்தை ஏற்பதில்லை. சில்லறை வணிகத்தில் பட்டயம் பெற்றவர் பி.காம். இரண்டாம் ஆண்டில் சேர வந்தால், முதலாண்டுக் கணக்குப் பதிவியல் தாளை எழுதவில்லையே என்பர். புள்ளிகள் விருப்பப் பாடக் கணக்கில் ஒதுக்கப்படும். மாணவர் முதலாண்டில் உட்காருவார். அமெரிக்காவும் இதில் தப்பவில்லை. அங்கு 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாக 43 சதவீதப் புள்ளிகளை இழந்தனர் என அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் மதிப்பிட்டது. புளோரிடா மாநிலம், எல்லாப் பொதுக் கல்லூரிகளிலும் ஒரே தன்மையுள்ள பாடத்துக்கு ஒரே எண் என்ற முறையை வைத்திருக்கிறது. எண் ஒன்றானால் ஏற்க மறுக்க முடியாது. மும்பைப் பல்கலைக்கழகமும் மகாராஷ்டிர மாநிலத் திறன் பல்கலைக்கழகமும் இத்தகைய ஒரு பட்டியலைச் சேர்ந்து தயாரித்தாலே, காட்கோபர் மாணவரின் சிக்கலில் பாதி தீரும். அதற்குத் தில்லியின் அனுமதி தேவையில்லை.

நிலைக்குழுவின் கவலை: நாடாளுமன்றத்தில் இது பேசப்படாமல் இல்லை. 2023 செப்டம்பரில் தாக்கலான கல்வி நிலைக்குழுவின் அறிக்கை, பலமுறை நுழைந்து பலமுறை வெளியேறும் முறையைக் குறித்து ஐயம் எழுப்பியது. எத்தனை பேர் வெளியேறுவர், எத்தனை பேர் இடையில் வந்து சேருவர் என்பதை நிறுவனங்கள் கணிக்க இயலாது. ஆசிரியர் - மாணவர் விகிதம் பாதிக்கப்படும் என்று அது சுட்டிக்காட்டியது. நியாயமான கவலைதான். ஆனால் கவலை முழுவதும் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து எழுந்தது.

தமிழகக் கட்சிகளின் வாதம் வேறு. இடையில் வெளியேறச் சான்றிதழ் தருவது இடைநிற்றலுக்கு அழைப்பு விடுப்பதாகும் என்பது அவர்களின் நிலை. கல்லூரிக்குள் இருப்பவரைப் பொருத்தவரை அதில் வலு உண்டு. ஏற்கெனவே வெளியே நிற்பவருக்கு அந்த வாதம் எதையும் தருவதில்லை. தேசியக் கல்விக் கொள்கையை மறுக்கும் ஒரு மாநிலம், தன் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அங்கீகரித்த பட்டயத்தைத் தன் பிற பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும் எனத் தானே விதிக்கலாம். இணைச்சான்று அரசாணைகளை வெளியிட்டுப் பழகிய மாநிலத்துக்கு இது புதிதல்ல.

அரசியல் சாசனத்தில் உயர்கல்வித் தரங்களை ஒருங்கிணைப்பது மத்தியப் பட்டியலின் 66-ஆவது பதிவு. கல்வி, 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்துக்குப் பின் பொதுப் பட்டியலில் உள்ளது. ஆக, ஒருங்கிணைக்கும் பொறுப்பை மத்திய அரசு தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் பல்கலைக்கழகம் கல்வி அமைச்சகத்தின் கீழும், ஐ.டி.ஐ.யும் திறன் பயிற்சியும் 2014-இல் உருவான தனி அமைச்சகத்தின் கீழும் உள்ளன. 2024 ஜூனில் ஜெயந்த் சௌத்ரியிடம் திறன் துறையின் தனிப் பொறுப்பும் கல்வித் துறையின் இணையமைச்சர் பொறுப்பும் ஒருசேர வழங்கப்பட்டபோது, சுவர் இடியும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. அமைச்சர் ஒருவரானாலும் கோப்புகள் இரண்டு கட்டடங்களில்தான் நகர்கின்றன.

2025 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகிக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்ட விக்சித் பாரத் சிக்ஷா அதிஷ்டான் மசோதா, யுஜிசி, ஏஐசிடிஇ, என்சிடிஇ ஆகிய மூன்றின் இடத்தில் ஒரே அமைப்பைக் கொண்டுவருகிறது. மசோதாவின் இந்திப் பெயருக்கு எழுந்த எதிர்ப்பு பத்திரிகைகளில் இடம்பிடித்தது. தொழிற்பயிற்சிக்கான தேசியக் குழுமம் (என்சிவிஇடி) அந்த மூன்றின் பட்டியலில் இல்லை என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. பல்கலைக்கழகங்களுக்கிடையே உள்ள தடுப்புகள் நீங்கலாம். பல்கலைக்கழகத்துக்கும் தொழிற்கல்விக்கும் நடுவே உள்ள சுவர் அப்படியே நிற்கும்.

வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைச்சான்று வழங்க 2025 ஏப்ரலிலேயே யுஜிசி தனி ஒழுங்குமுறை வெளியிட்டுவிட்டது. முலுண்ட் ஐ.டி.ஐ. சான்றிதழைக் கலீனாவில் உள்ள பல்கலைக்கழக அலுவலகம் ஏற்குமா என்பதை இன்னும் அந்த அலுவலகத்தில்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கூட்டுக் குழுவில் உள்ள தமிழ் உறுப்பினர்கள் பெயரைப் பற்றி வாதிடும் நேரத்தில் ஒரு திருத்தத்தையும் முன்மொழியலாம்: ஏற்க மறுக்கும் பல்கலைக்கழகம் காரணத்தை எழுத்துமூலம், குறித்த காலத்துக்குள் தர வேண்டும் என்பதே அது. காலம் இங்கு முக்கியம். 2021-22இல் கணக்கில் சேர்ந்த முதல் புள்ளிகளின் ஏழாண்டு ஆயுள் 2028-29இல் முடிகிறது.