நீ எந்த லைன்?

பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த முதல் வாரம். விடுதியில் மூத்த மாணவர் ஒருவர், “தம்பி, நீ எந்த லைன்?” என்று கேட்டார். “மேல் லயம், அண்ணே” என்றேன். அறையே சிரித்தது. அவர் கேட்டது என் படிப்புத் துறையை. நான் சொன்னதோ லெம்பா பெர்த்தாம் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு இருந்த வரிசையை.

‘லைன்’ என்ற சின்ன ஆங்கிலச் சொல்லுக்குத்தான் எத்தனை பொருள்! வங்கியில் வரிசை பிடித்தால் லைன். மலையில் கைப்பேசி வேலை செய்யாவிட்டால் ‘லைன் இல்லை’. பாட்டில் ஓர் அடியும் லைன்.

நம் தாத்தா பாட்டிக்கோ அது வீடு. ஆங்கிலேயப் படையினரின் குடில் வரிசைக்கு ‘லைன்ஸ்’ என்று பெயர். இந்திய நகரங்களில் அதே சொல் ‘சிவில் லைன்ஸ்’ என்றாகி, வெள்ளை அதிகாரிகளின் பங்களாப் பகுதியைக் குறித்தது. மலாயா, இலங்கைத் தோட்டங்களில் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கிடந்த தொழிலாளர் வீடுகளைக் குறித்தது. அங்கே பங்களா, இங்கே ஓரிரு அறை! நம்மவர் நாவில் அதுவே ‘லயம்’ ஆயிற்று. 1929-இல் ‘போ’ தோட்டம் தொடங்கிய பின் கேமரன் மலையில் தேயிலை பெருகியது, லயமும் மலையேறியது.

‘லயம்’ கொச்சைச் சொல், ‘தொழிலாளர் குடியிருப்பு’ என்றே எழுத வேண்டும் என்பார் சிலர். தமிழ்ப்பற்றில் நான் அவர்களுக்குக் குறைந்தவன் அல்லன். புதிய பொருளுக்குத் தமிழ்ச்சொல் ஆக்குவோம்; அது நம் கடமை. ஆனால், மூன்று தலைமுறை வாழ்ந்த இடத்தின் பெயரை அழித்தால் அவர்கள் பட்ட பாடும் சேர்ந்தே அழியும். பக்கத்து வீட்டு இருமல் சுவரைத் தாண்டிக் கேட்பதும், வேலை போனால் வீடும் போகும் என்ற அச்சமும் ‘லயம்’ என்ற சொல்லில் இருக்கின்றன. ‘குடியிருப்பு’ என்பதில் அவை இல்லை.

அன்று சிரித்தவர்களில் பலர் தோட்டத்துப் பிள்ளைகளே. அவர்களோடு நானும் சிரித்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. அது மொழிப்பற்றால் வந்த சிரிப்பன்று; வெட்கத்தால் வந்தது.

நண்பர்களே, அடுத்த விடுமுறையில் பாட்டியின் அருகில் அமர்ந்து லயத்துக் கதைகளைக் கேளுங்கள், எழுதி வையுங்கள். அகராதியில் இல்லாத பொருளை அவரே அறிவார். இனி யாராவது “எந்த லைன்?” என்று கேட்டால், படிப்பையும் சொல்வோம், லயத்தையும் சொல்வோம்.